ஃபினாலே லிகுரேயில் மலைச் சைக்கிள்: விசாவிலிருந்து முதல் இறக்கம் வரை

நீலகிரித் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஏழெட்டு வருடமாக மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். அந்த அனுபவத்தை நம்பி இத்தாலியின் ஃபினாலே லிகுரேக்குப் போனேன். ஜெனோவாவுக்கும் பிரான்ஸ் எல்லைக்கும் இடையே, கடலை ஒட்டிய ஊர் அது. கோட்டை மதில் சூழ்ந்த பழைய நகரம் நடுவே இருக்கிறது. சுற்றிலும் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கடற்கரை வரை இறங்கும் ஒற்றையடித் தடங்கள். உலக எண்டூரோ பந்தயங்கள் (இறக்கங்களில் மட்டும் நேரம் கணக்கிடும் மலைச் சைக்கிள் போட்டிகள்) நடக்கும் இடம் என்பதால் தடங்களைப் பற்றி எங்கும் படிக்கலாம். நம் ஊரிலிருந்து ஒருவர் அங்கே போய்ச் சேர என்னென்ன தாள்கள் வேண்டும், எங்கே பணம் கரையும் என்று எழுதியவரைத்தான் நான் காணவில்லை. அடிபட்டுக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் மாதம், பிறகு மற்றதெல்லாம்

ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பா முழுவதும் கடற்கரைக்கு வந்துவிடும். அறை வாடகை ஏறிவிடும், வெயில் கொளுத்தும். இலையுதிர்காலத்தில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் மழை பிடித்தால் கடுமையாகப் பிடிக்கும். எனக்குக் கேட்டால் மே மாதம்.

மாதம் முடிவானதும் அதிலிருந்து நான்கு மாதம் பின்னோக்கி எண்ணுங்கள். விசா வேலை அன்று தொடங்க வேண்டும்.

2. விசா

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான, குறுகிய கால ஷெங்கன் விசா. பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது மீதம் இருக்க வேண்டும். விதிப்படி முடிவுக்கு 15 நாள், சிக்கலான விண்ணப்பத்துக்கு 45 நாள் வரை ஆகலாம். உண்மையில் நேரம் போவது முடிவுக்குக் காத்திருப்பதில் அல்ல, விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதில்தான். கோடை விடுமுறைக் கூட்டம் மார்ச்சிலேயே எல்லா இடத்தையும் பிடித்துவிடும். நான் பிப்ரவரி கடைசியில் விழித்துக்கொண்டு, மூன்று வாரம் தினமும் அதிகாலையில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 2024 ஜூனிலிருந்து இதுதான். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது.

எடுத்துவைக்க வேண்டியவை: கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்ட பாஸ்போர்ட், அதில் இரண்டு வெற்றுப் பக்கம், ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதச் செல்லுபடி. 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புகைப்படம். விமான முன்பதிவு. எல்லா இரவுகளுக்கும் தங்குமிட முன்பதிவு. பயணக் காப்பீடு. வங்கிக் கணக்கு அறிக்கை. மூன்று மாதம் போதும் என்று சொன்னாலும் ஆறு மாதமாகவே, வங்கி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வருமான வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, விடுப்பு அனுமதிக் கடிதம். கடைசியாக, ஏன் போகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம். அதில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்றே எழுதுங்கள். நாள்வாரியாக எங்கே இருப்பீர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் போதும், மெருகு வேண்டாம்.

மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, பெயர். நம் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து இருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியலாகச் சுருங்கி இருக்கும், சம்பளச் சீட்டில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் இடமே காலி. நமக்கு இது இயல்பு. வேற்று நாட்டு அதிகாரிக்கு மூன்று தாளில் மூன்று ஆள். வங்கியிலும் அலுவலகத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் எழுதிக் கேட்டு வாங்குங்கள். விமான டிக்கெட்டும் அப்படியே. என் தாள்கள் இந்த ஒரு காரணத்துக்காகத் திருப்பப்பட்டன. மறுபடி நேரம் வாங்கப் பத்து நாள் போயிற்று.

இரண்டாவது, நீஸ் விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறதே என்று பிரான்ஸ் விசாவுக்குப் போவது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இறங்கும் இடம் பார்த்து அல்ல.

மூன்றாவது, விசா வருமுன் பணம் திரும்பாத டிக்கெட் எடுப்பது. தங்குமிடத்தையும் ரத்து செய்யக்கூடிய வகையில் போடுங்கள்.

2025 அக்டோபர் 12 முதல், முதன்முறை ஷெங்கன் எல்லைக்குள் நுழைபவர்களிடம் முகப்படம் எடுத்து, விவரங்களைக் கணினியில் பதியும் முறை தொடங்கியிருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் போன்ற இடத்தில் விமானம் மாறுவதாக இருந்தால் அந்த வரிசை அங்கேதான். ஒன்றரை மணி நேர இடைவெளியை நம்பாதீர்கள், மூன்று மணி நேரம் வையுங்கள்.

3. காப்பீட்டில் சிறிய எழுத்து

விசாவுக்குத் தேவை 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும், விசாவும் வந்துவிடும். ஆனால் அந்தத் தாளை விரித்து, எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்ற பகுதியைப் படியுங்கள். 'சாகச விளையாட்டு' என்ற சொல் அங்கே உட்கார்ந்திருக்கும். மலைச் சைக்கிளில் விழுந்து தோள் எலும்பு உடைந்தால் அந்தக் காப்பீடு வெறும் காகிதம்.

எனவே கூடுதல் பணம் கட்டி, மலைச் சைக்கிள் உட்பட என்று எழுத்தில் உள்ள திட்டத்தை எடுங்கள். 'பந்தயம் தவிர்த்து' என்றால் பரவாயில்லை. 'சாலையில் ஓட்டும் சைக்கிள் மட்டும்' என்றால் வேண்டாம். முகவர் தொலைபேசியில் சொல்வதைக் கணக்கில் எடுக்காமல், மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. சொந்த வண்டியா, வாடகையா

முதல்முறை வாடகை. நான் சொந்த வண்டியை எடுத்துப்போனவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பெட்டியோடு சேர்த்து வண்டி 23 கிலோவுக்குள் நிற்பதே பெரும்பாடு. விமானத்துக்கு விமானம் கட்டணம் வேறு, முன்பே பதிவு செய்ய வேண்டும். அதைவிட மோசம் ரயில். கெட்டிப் பெட்டியை இத்தாலிய ரயில் படியில் ஏற்றி, வைக்க இடம் தேடி, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே அதைக் கட்டிப்பிடித்தபடி மூன்று மணி நேரம் நின்றேன். இடறிய எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு இத்தாலிய மொழியில் நன்றாக வரும் ஒரே சொல் இன்றும் அதுதான்.

இவ்வளவு சொல்லியும் சொந்த வண்டிதான் வேண்டும் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். புறப்படும் நாளில் இந்திய விமான நிலையச் சுங்கப் பிரிவில், பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே, வண்டியைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். சட்டக (ஃபிரேம்) எண், வாங்கிய ரசீது, வண்டியின் படம் கையில் இருக்கட்டும். திரும்பி வரும்போது இது வெளிநாட்டில் வாங்கியதல்ல என்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். நான் வாங்கவில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு, நான்கு வருடப் பழைய வண்டியின் கீறல்களைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன்.

பின்சக்கரத்தருகே துருத்தி நிற்கும் கியர் மாற்றியைக் கழற்றி, துணியில் சுற்றிக் கட்டுங்கள். மின்சைக்கிள் பேட்டரி பயணிகள் விமானத்தில் ஏறாது. அந்த ஆசை இருந்தால் வாடகை ஒன்றே வழி.

வாடகைக்கு எடுத்தாலும் கொண்டுபோக வேண்டியவை: உங்கள் பெடல், ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம், காலணி. இவை பழகியவையாக இருக்க வேண்டும்.

5. ஊர் போய்ச் சேர்தல்

மிலானோவின் (மிலன்) மால்பென்சா விமான நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து மிலானோ சென்ட்ராலே நிலையத்துக்கு ரயில், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அங்கிருந்து பிரான்ஸ் எல்லை ஊரான வென்டிமிலியா பக்கம் போகும் இன்டர்சிட்டி ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். ஜெனோவாவிலிருந்து என்றால் ஒரு மணி நேரம் போதும்.

இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் ஃபினாலே லிகுரே மரீனா. நீங்கள் தங்க வேண்டிய இடம் ஃபினால்போர்கோ. கடற்கரையில் இருப்பது ஃபினால்மரீனா, கிழக்கே ஃபினால்பியா, உள்ளே மதிலுக்குள் இருப்பது ஃபினால்போர்கோ. எல்லாம் ஒரே ஊராட்சி. முன்பதிவுத் தளத்தில் 'ஃபினாலே' என்று தேடி முதலில் வந்ததைப் போட்டால் வேறு மூலையில் விழுவீர்கள். நிலையத்திலிருந்து போர்கோவுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள்தான். பஸ் இருக்கிறது, நடக்கவும் செய்யலாம்.

அறை போடுமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: சைக்கிளைப் பூட்டிவைக்க உள் அறை இருக்கிறதா, கழுவக் குழாய் இருக்கிறதா? ஊரே சைக்கிள்காரர்களை நம்பி இருப்பதால் பெரும்பாலும் இருக்கும். அறை வாடகையோடு சேராமல், ஆள் ஒன்றுக்கு இரவு ஒன்றுக்கு என்று நகர வரி கேட்பார்கள். கைப்பணமாக வைத்திருங்கள்.

ரயில் டிக்கெட்டில் ஒரு பொறி உண்டு. உள்ளூர் ரயில்களுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி நேரம் குத்த வேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம். கைபேசி டிக்கெட் என்றால் அதிலேயே பயணத்தைத் தொடங்கியதாக அழுத்த வேண்டும். இருக்கை எண் உள்ள இன்டர்சிட்டிக்கு இது கிடையாது.

கார் எடுப்பதாக இருந்தால், புறப்படுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பார்கள் என்பதால் விசா வந்த மறுநாளே போய்விடுங்கள். இத்தாலியப் பழைய நகரங்களுக்குள் வெளியார் காருக்கு அனுமதி இல்லாத பகுதிகள் உண்டு. கேமரா படம் எடுக்கும், அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும்.

6. வாடகைக் கடையில்

வருமுன்பே பதிவு செய்யுங்கள். உயரத்தையும் எடையையும் சொல்லுங்கள். 150 மில்லிமீட்டருக்கு மேல் சஸ்பென்ஷன் உள்ள எண்டூரோ வண்டி கேளுங்கள். நாள் வாடகை 60 முதல் 90 யூரோ வரை, மின்வண்டி இன்னும் மேலே. பல நாளுக்கு எடுத்தால் குறையும். பாஸ்போர்ட் நகலும், முன்பணமாகக் கிரெடிட் கார்டில் ஒரு தொகையும் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டு பல இடத்தில் செல்லாது.

கையெழுத்துப் போடுமுன் வண்டியை நான்கு பக்கமும் படம் எடுங்கள். சக்கர விளிம்பில் ஏற்கெனவே உள்ள நசுங்கலைச் சுட்டிக்காட்டி எழுதவையுங்கள். டயர் பக்கச்சுவர் கெட்டியானதா என்று பாருங்கள். அங்குள்ள சுண்ணாம்புக்கல் அரம் போல இருக்கும். பிடிப்பு அருமை, டயருக்கு எமன். பிரேக் பட்டைகள் புதிதாக இருக்கட்டும். ஒரே நீண்ட இறக்கத்தில் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குவீர்கள்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் முக்கியம். நம் ஊர் வண்டியில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக். ஐரோப்பாவில் பெரும்பாலும் இடது கை முன் பிரேக். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். சொந்த வண்டியின் கியர் அடிபட்டதால் இரண்டாம் நாள் வாடகை வண்டிக்கு மாறினேன். முதல் வளைவிலேயே கைப்பிடிக்கு மேலே பறந்தேன். பிரேக் பக்கத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது சமதளத்தில் அரை மணி பழகுங்கள்.

கடைகள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் மூடி, மூன்று, மூன்றரைக்குத் திறக்கும். மதிய ரயிலில் இறங்கி நேரே கடைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்து நிற்காதீர்கள்.

7. ஷட்டில் வேன்

மிதித்தே ஏறலாம், தார்ச்சாலை உண்டு. ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறிய காலில் கற்பாறை இறக்கம் எடுப்பது நல்லதல்ல. பின்னால் இழுவண்டி கட்டிய வேன்கள் ஆளையும் வண்டியையும் மேலே கொண்டுபோய் விடும். ஒரு ஏற்றத்துக்கு நான் 20 யூரோவை ஒட்டிக் கொடுத்தேன். முழுநாள் சீட்டு 50, 60 யூரோ. முதல்நாள் மாலைக்குள் பதிவு செய்ய வேண்டும். சனி, ஞாயிறில் ஒரு வாரம் முன்பே நிறைந்துவிடும். முடிந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை ஓட்டி, வார இறுதியில் கடலில் குளியுங்கள்.

வேன் உங்களுக்காக நிற்காது. முகமெல்லாம் மூடும் ஹெல்மெட் போட்ட பதினைந்து வயதுப் பையன்கள் சரியான நேரத்துக்கு வந்து நிற்பார்கள்.

8. எந்த நாளில் எந்தத் தடம்

தடங்களுக்கு எஸ்0 (மிக எளிது) முதல் எஸ்5 (மிகக் கடினம்) வரை கடினக் குறியீடு இருக்கும். கைபேசியில் டிரெயில்ஃபோர்க்ஸ் செயலியை இறக்கி, வரைபடத்தை இணையம் இல்லாமல் திறக்கும்படி சேமித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும்.

முதல் நாள் வேன் வேண்டாம். கடற்கரை ஊரான வரிகோத்திக்கு மேலே, சுமார் முந்நூறு மீட்டர் உயரத்தில் லே மானியே பீடபூமி இருக்கிறது. 24 மணி நேரச் சைக்கிள் போட்டி நடக்கும் சுற்று அங்கேதான். ஏற்ற இறக்கம் மிதம். கல்லின் தன்மையும் புதிய வண்டியும் கைக்குப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. பக்கத்தில் வால் போன்சி பள்ளத்தாக்கில் ரோமானியர் காலக் கற்பாலங்கள் நிற்கின்றன, சைக்கிளிலேயே கடக்கலாம். நடப்பவர்களும் குடும்பங்களும் வரும் வழி என்பதால் வேகத்தைக் குறைத்து வழிவிடுங்கள். இத்தாலியர்கள் வணக்கம் சொல்வார்கள், பதில் சொல்லாமல் போகாதீர்கள்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மேலே. பேஸ் நாத்தோ என்று வேன்காரர்கள் சொல்வது, ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே உள்ள, கைவிடப்பட்ட நேட்டோ ராணுவ நிலையம். ரோலர் கோஸ்டர் தடத்தோடு தொடங்குங்கள். பெயருக்கேற்ப மேடும் பள்ளமுமாக உருண்டு போகும், மிரட்டாது. மேலே பீச் மரக் காடு, கால்வைத்தால் அமுங்கும் மண், குளிர். கீழே வர வர மண் கல்லாகிவிடும், காற்று சூடாகும், திடீரென்று கடல் தெரியும். இரண்டு தட்பவெப்பத்துக்கும் ஒரே பையில் உடை வேண்டும்: காற்றுத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை ஒன்று. தண்ணீர் இரண்டு லிட்டருக்குக் குறையாமல். சுண்ணாம்புப் பாறை நாட்டில் ஓடை தேடினால் கிடைக்காது.

வரிகோத்திக் கடலை நோக்கி இறங்கும் 'டோன்னே' தடத்தைக் கடைசி நாளுக்கு வையுங்கள். சொல்லுக்குப் பெண்கள் என்று பொருள், பக்கத்திலேயே ஆண்கள் என்று இன்னொன்று. கழிவறைக் கதவில் போல இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டு, முதலாவது எளிது என்று எண்ணி இறங்கிவிடாதீர்கள். இரண்டும் பாறை. கடலை ரசிக்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டு ரசியுங்கள்.

9. வேட்டை, மழை, விபத்து

இலையுதிர்காலத்தில் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது காட்டுப்பன்றி வேட்டைக் காலம். இத்தாலியச் சட்டப்படி செவ்வாயும் வெள்ளியும் வேட்டை கிடையாது. நம் வீடுகளில் கறி சமைக்காத அதே இரண்டு நாள் என்பதால் எனக்கு மறக்கவே இல்லை. காட்டுக்குள் நீளமாக ஓட்டுவதை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் பளிச்சென்ற நிறத்தில் சட்டை, வழியில் வேட்டை அறிவிப்புப் பலகை கண்டால் திரும்பிவிடுதல்.

ஃபினாலே இருக்கும் லிகுரியா மாநிலத்தில் மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும். ஆரஞ்சு வந்தாலே அன்றைய சவாரியை மறந்துவிடுங்கள்.

அவசரத்துக்கு 112. இருக்கும் இடத்தைத் தானாக அனுப்பும் 'வேர் ஆர் யூ' செயலியை முன்பே போட்டுவையுங்கள். அடிபட்டவர் பக்கத்தில் நின்று, பெயர் தெரியாத காட்டை வாயால் விளக்குவது நடக்காத காரியம். மருத்துவமனையில் கொடுக்கும் ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்துங்கள். காப்பீட்டுக்காரர்களுக்கு அன்றே தகவல் சொல்ல வேண்டும்.

10. சாப்பாடு, செலவு, கடைசி நாள்

மரக்கறிக்காரர்கள் பயப்பட வேண்டாம். ஃபரினாத்தா என்று ஒன்று: கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான், பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுடுவார்கள். அடைக்குத் தூரத்து உறவு. மிளகு தூவிக் கேளுங்கள். பாசில் இலைத் துவையலான பெஸ்தோவில் பாலாடைக்கட்டி உண்டு. இரவு உணவு ஏழரைக்கு முன் பெரும்பாலும் கிடைக்காது. மாலை பசிக்கு ஃபொக்காச்சா ரொட்டி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

யூரோவைச் சுமார் நூறு ரூபாய் என்று வைத்தால், ஏழு இரவு, ஐந்து நாள் வாடகை வண்டி, மூன்று நாள் ஷட்டிலுக்கு விமானம் சேர்க்காமல் ஒன்றேகால் லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் ஆகும். அறையை இருவர் பகிர்ந்தால் கணிசமாகக் குறையும். வாடகை வண்டிச் சேதத்துக்கென்று தனியாக முந்நூறு யூரோவைத் தொடாமல் வையுங்கள். எனக்குப் பின்சக்கர விளிம்பு ஒன்று அதில் போயிற்று.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் கழுவிக் கொடுங்கள், இல்லையென்றால் அதற்கும் பணம் பிடிப்பார்கள். மதிய மூடலுக்கு முன், பன்னிரண்டு மணிக்குள் கொண்டுபோய் நிறுத்துங்கள். முன்பணத்தை விடுவித்ததற்கான ரசீதை வாங்கிக்கொண்டுதான் ரயில் நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும்.